மார்கழியில் உறையாத எண்ணெய்

போன மார்கழியில் ஒருநாள் சாயங்காலம் எங்கள் தெரு மாமி ஒரு டப்பாவைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மயிலாப்பூரில் பிறந்து, மயிலாப்பூரிலேயே வாழ்க்கைப்பட்டு, எழுபதைத் தொட்டவர். முட்டை கலந்த கேக்கைக்கூட வாசற்படி தாண்டி உள்ளே விடமாட்டார். காகிதத்தைப் பிரித்து அவர் மேஜைமேல் வைத்த டப்பாவில் ஒரு மீன் படம் இருந்தது. தி. நகரில் உஸ்மான் சாலைப் பக்கம் ஒரு மருந்துக் கடையில் வாங்கினாராம்.

“இது ஒமேகா த்ரீயாம். குடுத்தா மூளை சரியாயிடும்னு வாட்ஸ்அப்ல வந்தது. பாவ புண்ணியமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்னு வாங்கிண்டு வந்துட்டேன். நீங்க இதெல்லாம் படிக்கறவா. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கோ. அந்த மாத்திரையை நிறுத்திட்டு இதைக் குடுக்கலாமா?”

அவர் மகன் நான் பார்க்க வளர்ந்தவன். இப்போது வயது 34. இருபது வயதில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, அடுத்த அறையில் நாலு பேர் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தான். அந்த வீட்டில் அடுத்த அறையே கிடையாது. மனச்சிதைவு நோய் என்று தெரிந்ததிலிருந்து தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை. குரல்கள் பெரும்பாலும் அடங்கிவிட்டன. ஆனால் உடம்பு பெருத்துவிட்டது. பேச்சு குறைந்துவிட்டது. கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் வரும், அதுவும் சில நாள் வராது. பதினான்கு வருடமாக மாத்திரை அட்டையைக் கிழித்துக்கொண்டிருக்கும் ஒரு தாய் இந்தக் கேள்வியைக் கேட்கத்தான் செய்வார்.

நான் மருத்துவர் இல்லை. அறிவியல் எழுதுவது என் வேலை. “மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க மாமி, மத்ததைப் படிச்சுட்டுச் சொல்றேன்” என்றேன். படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. மாமி கேட்டதை உலகத்தின் மனநல ஆய்வாளர்கள் ஐம்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தேடலில் ஒரு முக்கியமான பக்கம் சென்னையில் எழுதப்பட்டது.

*

முதலில் அடுக்களைக்குப் போவோம். மார்கழி விடியலில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் விழாது. வெண்ணெய்போல் உறைந்து கிடக்கும். பக்கத்திலேயே இருக்கும் நல்லெண்ணெய் எப்போதும்போல் ஊற்றும். இரண்டும் எண்ணெய்தான். வித்தியாசம் அவற்றிலுள்ள கொழுப்பு அமிலங்களின் வடிவத்தில் இருக்கிறது.

கொழுப்பு அமிலம் என்பது கார்பன் அணுக்கள் கோத்த ஒரு சங்கிலி. தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. அந்தச் சங்கிலிகள் வளைவில்லாமல் நேராக இருக்கும். விறகுக் கட்டைகளை அடுக்குவதுபோல் நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும், கொஞ்சம் குளிர்ந்தாலே இறுகிவிடும். நல்லெண்ணெயின் சங்கிலிகள் பலவற்றில் கார்பன்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்புகள் உண்டு. ஒவ்வொரு இரட்டைப் பிணைப்பிலும் சங்கிலி மடங்கும். கோணல்மாணலான சுள்ளிகளைக் கட்டாகக் கட்ட முடியாதது மாதிரி, அவை ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கிக்கொள்ளாது. அதனால்தான் குளிரிலும் ஓடுகிறது.

நம் மூளையின் ஈரத்தை நீக்கிவிட்டு எடை போட்டால் ஏறத்தாழப் பாதிக்கு மேல் கொழுப்பு. அது தொப்பையில் சேரும் கொழுப்பைப் போலச் சேமிப்பு இல்லை. கட்டடம். ஒவ்வொரு நரம்புச் செல்லையும் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்பால் ஆனது. டோபமின் போன்ற வேதிச்செய்திகளைப் பிடிக்கும் ஏற்பிகள் இந்தச் சவ்வில்தான் மிதக்கின்றன. சவ்வு இறுகியிருந்தால் அவை அசைவது ஒருவிதம், நெகிழ்ந்திருந்தால் வேறுவிதம். நெகிழ்ச்சிக்கென்றே மூளை தேடித்தேடிச் சேர்க்கும் ஒரு கொழுப்பு அமிலம் டிஹெச்ஏ. 22 கார்பன், 6 இரட்டைப் பிணைப்பு, ஒமேகா 3 வகை. அதோடு சேர்ந்து சவ்வில் நிறைய இருப்பது அராக்கிடோனிக் அமிலம், ஒமேகா 6 வகை. மீன் எண்ணெயில் டிஹெச்ஏவுடன் வரும் இன்னொன்று ஈபிஏ. இது மூளையில் அதிகம் தங்குவதில்லை. ஆனால் அழற்சியை அடக்கும் வேலையில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

மனச்சிதைவில் டோபமின் சமிக்ஞை பிசகுகிறது என்பது 1950களில் வந்த மருந்துகளின் வழியே மெல்லத் தெரிந்தது. அந்த டோபமின் வேலை செய்யும் தளமே பழுதாக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டவர் டேவிட் ஹோரோபின் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர். மனச்சிதைவு என்பது புரோஸ்டாகிளாண்டின் குறைபாட்டு நோயாக இருக்கலாம் என்று 1977இல் லான்செட் இதழில் எழுதினார். புரோஸ்டாகிளாண்டின்கள் அராக்கிடோனிக் அமிலம் போன்ற கொழுப்பு அமிலங்களிலிருந்து உடல் தயாரிப்பவை. பிறகு இந்தக் கருத்தை விரித்து, இந்த நோயாளிகளின் செல் சவ்வுகளிலிருந்து நீள்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் வேகமாகக் கழன்று போகின்றன, திரும்பச் சரியாகச் சேர்வதில்லை என்றார்.

பலர் இதை அலட்சியம் செய்தார்கள். ஆனால் ரத்தத்தில் ஆதாரம் கிடைத்தது. மருந்தே எடுத்திராத, நோய் அப்போதுதான் தொடங்கிய நோயாளிகளின் சிவப்பணுச் சவ்வை எடுத்துப் பார்த்தார்கள். அராக்கிடோனிக் அமிலமும் டிஹெச்ஏவும் குறைந்திருந்தன. அமெரிக்காவிலிருந்து இந்த ஆய்வுகளைச் செய்தவர்களில் சாஹேப்ராவ் மஹாடிக், மாட்சேரி கேசவன் ஆகிய இந்தியர்கள் முக்கியமானவர்கள். மருந்தின் விளைவு என்று இதைத் தள்ள முடியாது. எல்லா நோயாளிக்கும் இது பொருந்துவதும் இல்லை. மனச்சிதைவு என்ற ஒரே பெயருக்குள் பல நோய்கள் ஒளிந்திருக்கின்றன என்பவர்கள் பக்கம் நான் சாய்வதற்கு இது ஒரு காரணம்.

*

இந்தக் கருத்தை வெறுங்கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. நியாசின் என்பது பி வைட்டமின்களில் ஒன்று. அதை நிறையச் சாப்பிட்டால், அல்லது அதன் கரைசலில் நனைத்த ஒரு துண்டைக் கைமேல் வைத்தால், சில நிமிடங்களில் அந்த இடம் வெந்நீர் பட்டதுபோல் சிவக்கும். நியாசின் தோலில் உள்ள ஓர் ஏற்பியைத் தொட, அங்கே சவ்விலிருந்து அராக்கிடோனிக் அமிலம் விடுபட, அது புரோஸ்டாகிளாண்டினாக மாறி ரத்தக் குழாயை விரிக்கிறது. அதனால் சிவப்பு. மனச்சிதைவு நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு இந்தச் சிவப்பு மங்கலாகவே வருகிறது, சிலருக்கு வருவதே இல்லை. பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட விஷயம் இது. கைத்தோலில் தெரியும் ஒரு குறி, மூளையின் ஆழத்திலுள்ள ஒரு நோயோடு தொடர்புடையது என்பதை முதலில் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது.

இங்கேதான் சென்னை வருகிறது.

இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எம். சாரதா மேனன். 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு 1984இல் ஸ்கார்ஃப் என்று எல்லோரும் அழைக்கும் மனச்சிதைவு ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். 2021 டிசம்பரில் தமது 98ஆவது வயதில் மறைந்தார். அவருடன் அந்த அமைப்பை வளர்த்தவர் ஆர். தாரா. இன்று உலகத்தில் எங்கே மனச்சிதைவு பற்றிப் பேசினாலும் இந்தப் பெயர் வரும்.

ஸ்கார்ஃப் மருத்துவர்களும் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரயன் மௌரியின் குழுவும் சேர்ந்து நம் ஊர்க் குடும்பங்களிடம் ரத்த மாதிரிகள் சேகரித்தார்கள். ஏறக்குறைய இருபது வருட உழைப்பு. சுமார் 3,000 பேரின் மரபணுக்களை அலசி 2019இல் வெளியிட்ட முடிவில், எட்டாவது குரோமோசோமில் ஓர் இடம் தனித்துத் தெரிந்தது. அங்கே இருப்பது என்ஏபிஆர்டி1 என்ற மரபணு. அதன் வேலை, உடலில் நியாசினைக் கையாளும் ஒரு நொதியைத் தயாரிப்பது. வரிக்குதிரை மீன் எனப்படும் சிறு ஆய்வு மீனில் இந்த மரபணுவை அடக்கிப் பார்த்தபோது குஞ்சுகளின் மூளை சரியாக உருவாகவில்லை.

சிவக்காத கையும் நியாசின். நம் ஊர்க் குடும்பங்களின் மரபணுவும் நியாசின். அவசரப்பட்டு இரண்டையும் முடிச்சுப் போடத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் கை சிவப்பது ஏற்பி வழியாக, கொழுப்பு அமிலம் வழியாக நடப்பது. என்ஏபிஆர்டி1 செய்வது வேறு, நியாசினைச் செல்லின் எரிபொருள் வேலைக்குத் தேவையான என்ஏடி என்ற மூலக்கூறாக மாற்றும் பாதை அது. ஒரே ஊரிலிருந்து கிளம்பும் இரண்டு பேருந்துகள், போகும் ஊர் வேறு. நடுவில் எங்காவது சந்திக்கின்றனவா என்பது அடுத்த தலைமுறை ஆய்வாளர்களின் வேலை. நியாசின் மாத்திரை வாங்கப் புறப்படுவதற்கு இதில் இடமே இல்லை.

*

மாமி வீட்டிலிருந்து கிழக்கே நடந்தால் இருபது நிமிடத்தில் கடற்கரை லூப் சாலை. நொச்சிக்குப்பம் மீன் அங்காடி. காலை ஏழு மணிக்குப் போனால் வஞ்சிரத்தைச் சுற்றித்தான் கூட்டம். ஓரமாகக் கூடையில் மத்தியும் கானாங்கெளுத்தியும் மின்னிக்கொண்டிருக்கும். “இன்னா சார் வஞ்சிரத்தையே பாக்குற? துட்டுதான் அதுல சாஸ்தி. நெய் இதுலதான்” என்று ஓர் அக்கா மத்தியைத் தூக்கிக் காட்டினார். அவர் நெய் என்றது மீனின் கொழுப்பை. சொன்னது சரி. டிஹெச்ஏவும் ஈபிஏவும் இந்த மலிவு மீன்களில் தாராளம்.

சுவாரசியம் என்னவென்றால், மீனும் இவற்றைத் தானாகப் பெரிதாகத் தயாரிப்பதில்லை. கடலில் மிதக்கும் நுண்பாசிகள் தயாரிக்கின்றன. பாசியைச் சிற்றுயிர் தின்ன, அதை மத்தி தின்ன, மத்தியை நாம் தின்கிறோம்.

மயிலாப்பூர்ச் சைவ அடுக்களையில் என்ன இருக்கிறது? நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் லினோலெயிக் அமிலம் நிறைய. சூரியகாந்தி எண்ணெயில் பாதிக்கும் மேல் அதுதான். இது ஒமேகா 6. உடல் இதிலிருந்து அராக்கிடோனிக் அமிலத்தைச் செய்துகொள்ளும். ஒமேகா 3 பக்கத்தின் தாய்ச்சரக்கு ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். அது இந்த மூன்று எண்ணெயிலும் பேருக்குத்தான் உண்டு. வடக்கத்தியரின் கடுகு எண்ணெயில் சுமார் 10 சதவீதம், ஆளிவிதை எண்ணெயில் பாதிக்கும் மேல். நாம் கடுகைத் தாளிப்பதோடு நிறுத்திக்கொண்டோம். ரேஷன் பாமாயிலில் ஏறத்தாழப் பாதி நிறைவுற்ற கொழுப்பு, ஒமேகா 3 அதில் கிட்டத்தட்ட இல்லை.

ஆளிவிதை சாப்பிட்டாலும் ஒரு சிக்கல். அதன் ஆல்ஃபா லினோலெனிக் அமிலத்தில் சிறு பகுதிதான் ஈபிஏவாக மாறும், டிஹெச்ஏவாக மாறுவது மிகமிகக் கொஞ்சம். மாற்றும் நொதிகள் ஒமேகா 6க்கும் ஒமேகா 3க்கும் பொது. ஒரே கிரைண்டரில் இட்லி மாவும் அரைக்க வேண்டும், அடை மாவும் அரைக்க வேண்டும் என்றால், எதை அதிகம் கொட்டுகிறோமோ அதுதான் அதிகம் வரும். நம் சமையலில் நாம் கொட்டுவது ஒமேகா 6.

பல தலைமுறையாக மீன் தொடாதவர்களுக்கு இயற்கை கொஞ்சம் வழி செய்திருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் குமார் கொத்தபள்ளியும் தாமஸ் பிரென்னாவும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், இந்த மாற்றும் வேலையைத் திறமையாகச் செய்யவைக்கும் ஒரு மரபணு வடிவத்தின் இரண்டு பிரதிகளையும் கொண்டவர்கள், பெரும்பாலும் சைவம் உண்ணும் புனே மக்களில் 68 சதவீதம். அமெரிக்கர்களில் 18 சதவீதம்தான். செடியிலிருந்தே நீள்சங்கிலிக் கொழுப்பைச் செய்துகொள்ளப் பழகிய உடல். பழைய காலச் சாப்பாட்டுக்கு இது வரம். எல்லா வடையும் சூரியகாந்தி எண்ணெயில் பொரியும் இந்தக் காலத்தில், அதே திறமை அராக்கிடோனிக் அமிலத்தைத் தேவைக்கு மேல் குவித்து அழற்சியைக் கூட்டலாம் என்று அந்த ஆய்வாளர்களே கவலைப்பட்டார்கள்.

சைவர்களுக்கு மனச்சிதைவு அதிகமா? அப்படிச் சொல்ல ஆதாரம் கிடையாது. மயிலாப்பூரிலும் நொச்சிக்குப்பத்திலும் இந்த நோய் இருக்கிறது. உலகம் முழுக்க ஏறத்தாழ எல்லா உணவுப் பழக்கத்திலும் இருக்கிறது. இதை மாமிக்கு நான் இரண்டு தரம் அழுத்திச் சொன்னேன். ஏனென்றால் அவர் கேட்காமலே விட்ட ஒரு கேள்வி கண்ணில் தெரிந்தது. நான் போட்ட சாப்பாட்டினால்தான் வந்ததா என்பது. வரவில்லை. கருவிலிருக்கும்போது தாய் பட்டினி கிடந்தால் குழந்தைக்குப் பின்னாளில் இந்த நோய் வரும் வாய்ப்பு இருமடங்காகிறது என்று 1944-45 டச்சுப் பஞ்சமும் 1959-61 சீனப் பஞ்சமும் காட்டின. அது நாடே பட்டினி கிடந்த கதை. ரசமும் கூட்டும் தயிரும் போட்ட வீட்டின் கதை இல்லை.

*

வாட்ஸ்அப்பில் வந்ததற்கும் ஒரு மூலம் உண்டு.

உலக சுகாதார நிறுவனம் 1960களின் கடைசியில் ஒன்பது நாடுகளில் மனச்சிதைவு நோயாளிகளைப் பின்தொடர ஆரம்பித்தது. இந்தியாவின் மையம் ஆக்ரா. எல்லோரையும் திகைக்கவைத்த முடிவு வந்தது. மருத்துவமனையும் பணமும் குறைந்த இந்தியா, நைஜீரியா போன்ற நாடுகளில் நோயாளிகள் பணக்கார நாடுகளைவிட நன்றாகத் தேறினார்கள். ஏன் என்பதற்கு ஆளாளுக்கு ஒரு விளக்கம். 1988இல் டென்மார்க்கின் கிறிஸ்டென்சன் என்ற பெயருள்ள இரு ஆய்வாளர்கள் அந்தக் கணக்கை எடுத்து, ஒவ்வொரு நாட்டு மக்களும் எந்தக் கொழுப்பை எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்ற கணக்கோடு பொருத்திப் பார்த்தார்கள். நிலத்து விலங்குகளின் கொழுப்பு மிகுந்த நாடுகளில் நோய் மோசமாகப் போனது. காய்கறி, மீன் கொழுப்பு மிகுந்த நாடுகளில் நன்றாகத் தேறியது. 2004இல் மால்கம் பீட் என்ற ஆய்வாளர் இதேபோல் செய்து, சர்க்கரை மிகுந்த நாடுகளில் நோயின் போக்கு மோசம் என்றார்.

நம் சாப்பாட்டுக்குக் கிடைத்த சான்றிதழ்போல் இருக்கிறது, நம்பத் தோன்றும். ஆனால் நாட்டுக்கு நாடு வேறுபடுவது எண்ணெய் மட்டுமா? வெண்ணெய் அதிகம் தின்னும் நாடுகளில் தனிக்குடித்தனமும் அதிகம். வெறும் வரைபடத்தில் இவை இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும்.

சென்னை இந்தக் கேள்வியை வேறுவிதமாகப் பிடித்தது. 1981இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனைக்கு முதல்முறை நோயோடு வந்த 90 பேரைத் தாராவும் ராஜ்குமார் என்ற ஆய்வாளரும் பின்தொடர ஆரம்பித்து, பத்து, இருபது, இருபத்தைந்து வருடம் விடாமல் போனார்கள். வேலைக்குப் போனார்களா, கல்யாணம் ஆயிற்றா, விட்டுப் பிரிந்தார்களா என்றெல்லாம் கேட்டார்கள். உலகத்தில் இப்படிப்பட்ட நீண்ட ஆய்வுகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஏழை நாடுகளில் இந்த நோய் லேசானது என்று உலகம் நிம்மதியாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, 2008இல் அந்த நிம்மதியைக் கேள்வி கேட்ட கட்டுரையை எழுதியவர்களில் தாராவும் ஒருவர். 11 நாடுகளின் 23 ஆய்வுகளைப் புரட்டி, நிலைமை அப்படி ஒரே மாதிரி இல்லை, சிகிச்சையே கிடைக்காதவர்களை மறந்துவிடாதீர்கள் என்றார்கள். தன் ஊருக்குச் சாதகமான முடிவையே சந்தேகிப்பதற்கு நேர்மை வேண்டும்.

பிறகு ஸ்கார்ஃபும் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகமும் சேர்ந்து, சென்னையில் 168, மான்ட்ரியாலில் 165 புதிய நோயாளிகளுக்கு ஒரே மாதிரிச் சிகிச்சை கொடுத்து இரண்டு வருடம் பார்த்தார்கள். 2020இல் வெளிவந்தது. குரல் கேட்பது போன்ற அறிகுறிகள் இரண்டு ஊரிலும் ஒரே அளவில் அடங்கின. ஆனால் பேச்சின்மை, ஆர்வமின்மை, முகத்தில் உணர்ச்சி வற்றிப்போவது போன்றவை சென்னையில் தெளிவாகக் குறைவு. குடும்பத்தின் ஆதரவும் சென்னையில் அதிகமாக இருந்தது. அந்த ஆய்வாளர்கள் எண்ணெய்ப் பாட்டிலைத் தேடிப் போகவில்லை. கூடவே மருத்துவமனைக்கு வந்து உட்கார்ந்திருந்த அம்மாவையும் அண்ணனையும் பார்த்தார்கள்.

*

இனி மாமியின் கேள்விக்கு நேரடியாக வருகிறேன். மாத்திரைக்குப் பதில் மீன் எண்ணெய் என்று யாராவது சோதித்தார்களா? சோதித்தார்கள், இந்தியாவிலேயே. மால்கம் பீட்டும், ராம்சந்த், வங்கர் ஆகியோரும் 2001இல் வெளியிட்டது. மருந்து எடுக்காதிருந்த நோயாளிகள் சிலருக்கு ஈபிஏ, சிலருக்கு வெறும் போலி மாத்திரை. நிலைமை கட்டாயப்படுத்தினால் வழக்கமான மருந்தைச் சேர்க்கலாம். முடிவில் போலி மாத்திரை எடுத்த 12 பேருக்கும் மருந்து தேவைப்பட்டது. ஈபிஏ எடுத்த 14 பேரில் 8 பேருக்குத் தேவைப்பட்டது. மீதி 6 பேர்தான் வாட்ஸ்அப்பில் பல்கிப் பெருகி மாமியின் கைபேசிக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஆறு பேர், சில மாதம். அதே ஆய்வில் ஈபிஏ எடுத்தவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டவர்கள் மருந்தில்லாமல் தாங்கவில்லை என்ற பாதி மட்டும் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது.

மருந்தோடு சேர்த்துக் கொடுத்த ஆய்வுகள் நிறைய. புனேயில் 33 பேருக்கு மருந்தோடு ஒமேகா 3, வைட்டமின் சி, ஈ சேர்த்து நாலு மாதம் கொடுத்தார்கள். நல்ல முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் போலி மாத்திரைக் குழு இல்லை. மாமி வாங்கிய டப்பாவின் பின்பக்கம் பார்த்தேன், மாத்திரை ஒன்றில் 180 மில்லிகிராம் ஈபிஏ, 120 மில்லிகிராம் டிஹெச்ஏ. புனேயில் காலையும் மாலையும் கொடுத்தது அதே அளவு. தென்னாப்பிரிக்காவில் எம்ஸ்லி 40 பேருக்குத் தினம் 3 கிராம் ஈபிஏ கொடுத்துப் பலன் கண்டார். அமெரிக்காவில் ஃபென்டன் 87 பேருக்கு அதே 3 கிராம் 16 வாரம் கொடுத்தார். போலி மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை.

பிறகுதான் வியன்னா. பால் அம்மிங்கர் 2010இல் வெளியிட்டது. நோய் இன்னும் முழுசாக வரவில்லை, ஆனால் வாசலில் நிற்கிறது என்ற நிலையிலிருந்த 81 இளையோருக்குப் பன்னிரண்டு வாரம் மட்டும் தினம் 1.2 கிராம் ஒமேகா 3. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், எண்ணெய் எடுத்த 41 பேரில் 2 பேருக்கு நோய் வந்திருந்தது. போலி மாத்திரை எடுத்த 40 பேரில் 11 பேருக்கு. அந்தப் போலி மாத்திரைக்குள் இருந்தது என்ன தெரியுமா? நம் தேங்காய் எண்ணெய். ஒமேகா 3 அறவே இல்லாதது என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏழு வருடம் கழித்துப் பார்த்தபோதும் வித்தியாசம் நின்றது. மனநல உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. பக்கவிளைவு இல்லாத, ஊசியில்லாத, மலிவான ஒரு தடுப்பு!

அதே அம்மிங்கரும் ஆஸ்திரேலியாவின் பாட்ரிக் மெக்கோரியும் பத்து மையங்களில் 304 பேரை வைத்து அதைத் திரும்பச் செய்தார்கள். 2017இல் முடிவு வந்தது. ஒரு வருடத்தில் நோய் வந்தவர்கள் எண்ணெய்க் குழுவில் 11.5 சதவீதம், போலிக் குழுவில் 11.2 சதவீதம். ஒன்றுமில்லை. இந்தத் தடவை இரண்டு குழுவுக்கும் நல்ல உளவியல் ஆலோசனை கொடுத்திருந்தார்கள். அதனால் இரண்டு பக்கமும் நோய் வந்தவர்கள் குறைந்து, எண்ணெய் செய்வதற்கு மிச்சம் ஒன்றும் இல்லாமல் போயிருக்கலாம். சவ்வில் ஒமேகா 3 உண்மையிலேயே உயர்ந்தவர்கள் பிற்பாடு கொஞ்சம் நன்றாகவே இருந்தார்கள் என்ற குறிப்பும் வந்தது. ஆனால் நன்றாக இருப்பவர்கள்தான் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவார்கள் என்றும் அதைப் படிக்கலாம். எனக்கு மிகவும் ஏமாற்றம் தந்த ஆய்வு இது. பிடித்த முடிவு பொய்த்துப்போனதை அவர்களே எழுதி வெளியிட்டதால் அவர்கள்மேல் மதிப்பு கூடியது.

இன்றைய நிலையில், நோய் முற்றியவர்களுக்கு மருந்தின் இடத்தில் உட்கார மீன் எண்ணெய்க்குத் தகுதியில்லை. ஆரம்ப கட்டத்திலும், ரத்தத்தில் ஒமேகா 3 உண்மையிலேயே குறைந்திருப்பவர்களுக்கும் மருந்தோடு சேர்ந்தால் கொஞ்சம் உதவக்கூடும். அதற்கு மேல் சொல்பவர் எதையோ விற்கிறார்.

*

கொழுப்பு இந்த நோயாளியின் உயிரைத் தொடும் இடம் வேறொன்று. மனச்சிதைவு உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது வருடம் முன்னதாகவே இறந்துபோகிறார்கள். தற்கொலையைவிட அதிகம் கொல்வது மாரடைப்பும் சர்க்கரையும். ஒலான்சபின், குளோசபின் போன்ற மருந்துகள் பசியைத் தூண்டி எடையை ஏற்றும். கோபாலபுரத்திலுள்ள மருத்துவர் வி. மோகனின் நீரிழிவு ஆராய்ச்சி மையமும் ஸ்கார்ஃபும் சேர்ந்து 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டன. சென்னை நோயாளிகளையும் அவர்களைப் போன்ற சாதாரணச் சென்னைவாசிகளையும் ஒப்பிட்டார்கள். நோயாளிகளிடம் சர்க்கரையும், வயிற்றுச் சதையும், கொலஸ்டிராலும் அதிகம். அண்ணா நகரிலிருந்து அடையாறு வரை எத்தனையோ வீடுகளில் அப்பா அம்மா பயப்படுவது குரல்களுக்கு. இதயத்துக்குப் பயப்பட யாரும் சொல்லித் தருவதில்லை.

இதைச் சொன்னபோது மாமி முதல்முறையாகக் குறிப்பெடுத்தார். பழைய பால் பில்லின் பின்புறம். ராத்திரி மாத்திரை போட்டதும் பசி என்று கேட்பானாம், பிஸ்கட்டும் மிக்சரும் எடுத்து வைப்பாராம். “பாவமா இருக்கும். வேற என்ன சந்தோஷம் அவனுக்கு?” அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மிக்சருக்குப் பதில் சுண்டலோ வெள்ளரிக்காயோ வைக்கலாம் என்று மட்டும் சொன்னேன். ஆளிவிதையை வறுத்துப் பருப்புப் பொடியோடு அரைக்கலாம், நெய்யைக் குறைத்துக்கொள்ளலாம், ஒரே எண்ணெயைப் பிடித்துத் தொங்காமல் மாற்றி மாற்றி வாங்கலாம். மீன் எண்ணெய் மாத்திரையின் மேல்தோல் ஜெலட்டின், அதுவும் விலங்கிலிருந்து வருவது என்றதும் முகம் சுருங்கியது. கடல் பாசியிலிருந்தே எடுத்த டிஹெச்ஏ, சைவ மேல்தோலோடு கிடைக்கிறது என்றேன். அதையும் மருத்துவரிடம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கும் இதில் எச்சரிக்கை தேவை.

அடுத்த முறை போனபோது மருத்துவரிடம் அந்தப் பால் பில்லை நீட்டிக் கேட்டிருக்கிறார். அவர் பாசி எண்ணெய்க்குச் சரி சொல்லி, மாத்திரை தொடரட்டும் என்று சொல்லி, சர்க்கரைக்கும் கொலஸ்டிராலுக்கும் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்து, எடை பார்க்கும் மெஷினில் ஏறச் சொல்லியிருக்கிறார். பதினான்கு வருடத்தில் எடை பற்றிக் கேள்வி கேட்டது அதுவே முதல் தடவையாம்.

போன வாரம் நாகேஸ்வர ராவ் பூங்காவில் இருவரையும் பார்த்தேன். அவன் முன்னால் நடக்க, மாமி மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால். என்னைப் பார்த்ததும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“நாலு சுத்துன்னுதான் சொல்லியிருந்தேன். இன்னிக்கு அஞ்சுன்னு அவனே சொன்னான்” என்றார்.